இடுப்பளவு வெட்டிய அலையாத்தி: அளவுநாடாவை எங்கிருந்து பிடிப்பது?

கேள்வி: ஃபுளோரிடாவில், டாம்பா விரிகுடாவை ஒட்டி இரண்டு வருடம் முன்பு வீடு வாங்கினோம். பின்பக்கம் 80 அடிக்குத் தண்ணீர்க்கரை, அது முழுக்க மாங்குரோவ் (அலையாத்தி) மரங்கள். ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்திருந்தார்கள். உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கட்டுமே என்று புல் வெட்டுகிறவரிடம் சொன்னோம். ஒரே காலையில் எல்லாவற்றையும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்துக் கவுண்டியிலிருந்து (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) கடிதம் வந்தது. விதிமீறி 31 மாங்குரோவ்களை வெட்டியிருக்கிறீர்கள், நேரில் பார்வையிட வருகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். "நம்ம வீடு, நம்ம மரம், இவர்களுக்கு என்ன" என்கிறார் என் கணவர். புயலில் முறிந்தது என்று சொல்லிவிடலாமா? வெட்டியவர்தான் பொறுப்பு என்று சொல்ல முடியுமா? எவ்வளவு அபராதம் வரும்? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேலை. புல் வெட்டுகிறவருக்கு ஃபோன் போட்டு, அடுத்த முறை வரும்போது தண்ணீர்ப் பக்கம் போகவே கூடாது என்று சொல்லிவிடுங்கள். கடிதம் வந்ததும் பதறிப்போய், "பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஒழுங்காகவாவது வெட்டிவிடுவோம்" என்று இரண்டாவது தடவை வெட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் மொட்டைக் கம்புகளை எல்லாம் தரைமட்டத்துக்கு அறுத்து, மேலே மரத்தூளைப் பரப்பி, செம்பருத்தி வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். அதுவரை அவர் வழக்கு 'தப்பாகக் கவாத்து செய்தது'. அதற்கப்புறம் 'மரங்களை அழித்தது'. இரண்டுக்கும் சட்டத்தில் பெயரே வேறு, செலவும் வேறு.

விழுந்து கிடக்கும் கிளைகளையும் இப்போதைக்கு அப்படியே விடுங்கள். எந்த இனம், எவ்வளவு கனம், எவ்வளவு இலை போயிருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி. பக்கத்தில் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அதிகாரி வந்து பார்த்தபின் அவர் சொல்கிறபடி அப்புறப்படுத்தலாம்.

இனி உங்கள் வீட்டுக்காரர் கேட்பதற்கு வருவோம். ஃபுளோரிடாவில் சராசரி உயர்அலைக் கோடு, அதாவது அலை ஏறும்போது தண்ணீர் சராசரியாக எட்டும் இடம், அது வரைக்கும்தான் பொதுவாகத் தனியார் நிலம். அதற்கு அப்பால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் மண் மாநிலத்துடையது. உங்கள் மரங்களில் பாதி, வீட்டுப் பத்திரத்தில் இல்லாத மண்ணில்தான் நிற்கிறது. மீதிப் பாதி உங்கள் நிலத்திலேயே நின்றாலும் பதில் மாறாது. 1996-ல் வந்த மாங்குரோவ் கவாத்து மற்றும் பாதுகாப்புச் சட்டம் மரம் யாருடையது என்று பார்ப்பதில்லை. எப்படி வெட்டினார்கள், யார் வெட்டினார்கள் என்றுதான் பார்க்கிறது. அந்தச் சட்டத்தை நடத்தும் அதிகாரத்தை ஹில்ஸ்பரோ, பினெல்லஸ், சரசோட்டா, மயாமி-டேட் போன்ற சில உள்ளாட்சிகளுக்கு மாநிலம் ஒப்படைத்திருக்கிறது. அதனால்தான் உங்களுக்குத் தலைநகரிலிருந்து கடிதம் வராமல் கவுண்டியிலிருந்து வந்தது.

அந்தச் சட்டம் வீட்டுக்காரர்களுக்கு அப்படி ஒன்றும் எதிரானது இல்லை என்பது என் அபிப்பிராயம். உங்களைப் போல வீட்டுக்குப் பின்னால் ஓரமாக, 50 அடி அகலத்துக்குள் நிற்கும் மாங்குரோவ் வரிசை என்றால், பத்து அடிக்கு மேற்படாத மரத்தை நீங்களே, எந்த அனுமதியும் இல்லாமல், ஆறு அடி வரை குறைத்துக்கொள்ளலாம். பத்து அடியைத் தாண்டிவிட்டால், 24 அடி வரை, தகுதிபெற்ற மாங்குரோவ் கவாத்துக்காரர் ஒருவர் தானே செய்ய வேண்டும், அல்லது கூட நின்று செய்விக்க வேண்டும். அதிலும் 16 அடியும் அதற்கு மேலும் உள்ள மரம் என்றால் வருடத்துக்குக் கால்வாசித் தழைக்கு மேல் எடுக்கக் கூடாது. இந்த இரண்டு வழியிலும் ஆறு அடிக்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழ் பெற்ற மரவியலாளர், உரிமம் பெற்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் போன்றவர்கள் அந்தத் தகுதிப் பட்டியலில் வருகிறார்கள். புல் வெட்டும் தொழிலுக்கு உரிமம் வைத்திருப்பது அதில் சேராது. நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்பார்கள். அவரும் "இருக்கு" என்பார். எதற்கான லைசென்ஸ் என்று யாரும் கேட்பதில்லை.

சரி, இந்த ஆறு அடியை எங்கிருந்து அளப்பது? உங்கள் வழக்கின் பாதி இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

மரம் எந்தச் சேற்றில் நிற்கிறதோ அந்தச் சேற்றிலிருந்துதான் அளக்க வேண்டும். புல்தரையிலிருந்து அளக்கக் கூடாது. வேர்கள் வளைந்து கிளம்பும் இடத்திலிருந்தும் கூடாது. சூழலியல் தொழிலுக்கு வந்த முதல் வருடம் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். புல்வெளியில் நின்றபடி கோலை நீட்டி அளந்து எழுதிக்கொண்டு போனேன். கூட வந்த மூத்தவர் ஒன்றும் பேசாமல் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, அதே மரத்தை மறுபடி அளந்தார். இரண்டு அடிக்கு மேல் வித்தியாசம்.

உங்கள் மூன்றாவது படத்தில் புல்தரை ஓரத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் வெட்டு எல்லாம் புல்தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரத்தில், கயிறு கட்டியது போல ஒரே மட்டமாக இருக்கிறது. ஆனால் தரை ஒரே மட்டமில்லை. கரையோரம் நிற்கும் மரங்களுக்குச் சேறு அரை அடிதான் கீழே. அவை நான்கு அடிக்கு வந்துவிட்டன, சந்தேகமே இல்லாத மீறல். தண்ணீருக்குள் நிற்கும் கடைசி வரிசைக்குச் சேறு மூன்று அடி வரை கீழே போகிறது என்று தோன்றுகிறது. அப்படியானால் அந்த மரங்கள் இன்னும் ஆறரை அடி நிற்கின்றன. படத்தை வைத்து இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. நேரில் அளந்தால்தான் தெரியும். ஆனால் 31 என்ற எண் அப்படியே நிற்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

உடனே சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். நீங்கள் அனுப்பியிருக்கும் பழைய பொங்கல் படத்தில் அதே மரங்கள் உங்கள் வீட்டு இறவாணத்துக்கு மேலே எட்டிப் பார்க்கின்றன. பத்து அடியைத் தாண்டியவை என்பது தெளிவு. எனவே ஆறு அடிக்கு மேல் விட்டிருந்தாலும் அந்தப் புல் வெட்டுகிறவர் தொட்டிருக்கக் கூடாத மரங்கள்தான். மீறல் இல்லை என்று நிரூபிக்க அளக்கச் சொல்லவில்லை. எவ்வளவு மீறல் என்பது சரியாகப் பதிவாக வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். ஏனென்றால் ஒவ்வொரு மரத்துக்கும் கணக்கு தனி.

அப்புறம், உயரத்தை விடவும் முக்கியமானது இலை. சட்டம் கிளையையும் தழையையும் வெட்டுவதைக் 'கவாத்து' என்கிறது. அதைத் தாண்டி மரத்தை அகற்றினாலோ, மொட்டையாக்கினாலோ, சாகடித்தாலோ அது 'மாற்றம்' என்ற கடுமையான பிரிவுக்குப் போய்விடும். நான்கு அடிக்கு வெட்டுப்பட்டும் பக்கக் கிளையில் இலையோடு நிற்கிற மரம் ஒரு கணக்கு. ஆறரை அடி நின்றும் ஒரு இலைகூட இல்லாத கம்பு வேறு கணக்கு.

அதற்கு மரத்தை அடையாளம் தெரிய வேண்டும். ஃபுளோரிடாவில் மூன்றே இனம்தான். கொம்பு கொம்பாக வளைந்து சேற்றில் ஊன்றிய வேர்கள், பளபளப்பான பெரிய இலை, மரத்திலேயே முளைத்து முருங்கைப் பிஞ்சு போலத் தொங்கும் நாற்று என்றிருந்தால் சிவப்பு மாங்குரோவ். சுற்றிலும் பென்சில்களைக் குத்தி வைத்தது போல மூச்சுவேர்கள், அடிப்பக்கம் சாம்பல் பூத்த இலை, நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் என்றால் கறுப்பு. நீள்வட்ட இலை, இலைக்காம்பில் இரண்டு பக்கமும் சின்னப் புடைப்பு இருந்தால் வெள்ளை. பிச்சாவரத்தில் படகில் போயிருந்தால் முதல் இரண்டின் சொந்தக்காரர்களை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்; அங்கே நிற்பவையும் அதே பேரினங்கள்தான்.

இதில் கறுப்பும் வெள்ளையும் ஓரளவு நம் பூவரசு மாதிரி, வெட்டினாலும் அடிமரத்திலிருந்து துளிர்த்துவிடும். சிவப்பு அப்படி இல்லை. அதன் முதிர்ந்த கிளைகளில் உறங்கும் மொட்டுகள் செத்துப்போய்விடுகின்றன. இலையுள்ள பகுதிக்குக் கீழே, வெறும் கட்டையில் வெட்டினால் அந்தக் கிளை மறுபடி துளிர்க்காது. எல்லாக் கிளைகளையும் அப்படி வெட்டினால் மரமே போய்விடும். ரோஜாவையும் செம்பருத்தியையும் வெட்டிப் பழகிய கை, "வெட்டினால் நன்றாகத் தழைக்கும்" என்ற நம்பிக்கையோடு இதையும் வெட்டுகிறது. உங்கள் புல் வெட்டுகிறவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. வேலியாகப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான்காவது படத்தில், இடது கோடியில், வளைந்த வேர்களோடு ஆறு மரங்கள் ஒரு இலைகூட இல்லாமல் நிற்கின்றன. அவற்றுக்காக எனக்குக் கவலையாக இருக்கிறது. மற்றவற்றில் பக்கக் கிளைகளில் பச்சை தெரிகிறது. ஆனால் சிவப்பு மாங்குரோவ் சாவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் இலைகள் மஞ்சளாகி உதிர மாதக்கணக்கில்கூட ஆகலாம். அதனால் எத்தனை மரம் செத்தது என்ற எண்ணை முதல் நாளிலேயே யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு வளர்பருவம் கழிந்தபின் மறுபடி எண்ணிப் பார்க்கும் ஏற்பாட்டை நீங்களே எழுத்தில் கேளுங்கள். இது இரண்டு பக்கமும் வெட்டும். துளிர்த்தவை கணக்கிலிருந்து கழியும், இன்று பச்சையாக நிற்பது நாளை செத்தால் கூடும். ஆனாலும் நியாயமான எண்ணாக இருக்கும்.

புயல் கதை வேண்டாம். புயல் கிளையைப் பிய்த்து எறியும், நாராகக் கிழிக்கும், ஒரு பக்கமாகச் சாய்க்கும். 31 மரத்தையும் ஒரே மட்டத்தில் வட்டமாக அறுத்து வைக்காது. பார்வையிட வருகிறவர் வாரம் தவறாமல் இதையே பார்க்கிறவர். போதாததற்குக் கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகம் வைத்திருக்கும் வான்படங்களில் உங்கள் கரை வருடவாரியாக இருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டோம் என்பது ஒரு நிலை. பொய் சொன்னார்கள் என்பது கோப்பில் ஏறிவிட்டால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

பணத்துக்கு வருகிறேன். சட்டத்தில் எழுதியிருக்கும் மரக்கணக்கு அபராதம், முறைதவறிக் கவாத்து செய்த மரம் ஒன்றுக்கு 100 டாலர் வரை, 'மாற்றம்' செய்த மரம் ஒன்றுக்கு 250 டாலர் வரை. இது இரண்டாவது மீறலிலிருந்துதான் பொருந்தும். இதைப் படித்ததும் வருகிற நிம்மதி ரொம்ப நேரம் நிற்காது. முதல் மீறலிலேயே சீரமைப்பு உண்டு, செலவு அங்கேதான். ஆறு அடிக்குக் கீழே வெட்டுப்பட்ட, மொட்டையான, செத்த மரங்களுக்குப் பதில் அதே இடத்தில் அதே இனத்தை நட்டு, 5 வருடத்துக்குள் இழந்த தழைப்பரப்புக்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும். நட்டதில் 80 சதவீதமாவது 5 வருடம் கழித்தும் பிழைத்திருக்க வேண்டும். அங்கே நட வழியே இல்லை என்று அதிகாரிகள் முடிவு செய்தால், வேறிடத்தில் நட வேண்டியிருக்கும், அல்லது ஈரநிலங்களை மீட்டெடுத்து அதற்கான வரவுகளை விற்கும் ஈரநில ஈட்டு வங்கியில் பாதித்த பரப்புக்கு இரண்டு மடங்கு வரவு வாங்க வேண்டியிருக்கும். இதுபோகப் பொதுவான சுற்றுச்சூழல் சட்டப்படி ஆய்வுச் செலவு முதலானவற்றைக் கேட்கவும் இடம் இருக்கிறது. ஆறு மரத்துக்கு இதைச் செய்வதும் 31 மரத்துக்குச் செய்வதும் ஒன்றில்லை. அளவுநாடாவை நான் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

பெரும்பாலும் கடைசியில் ஒரு ஒப்புதல் உத்தரவு அனுப்பிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். மரங்களின் எண்ணிக்கை, இனம், கெடு எல்லாம் அதில் இருக்கும். நான் சூழலியல்காரன், வக்கீல் இல்லை. அந்தக் காகிதம் வந்தால் மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அதற்கு முன்னாடியே வக்கீலை முன்னால் நிறுத்திக்கொண்டு போவது, என் அனுபவத்தில், சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறது.

வெட்டியவர் பொறுப்பா? அவருக்கும் பொறுப்பு உண்டு, கடிதத்தில் அவர் பெயரும் சேரலாம். ஆனால் வெட்டச் சொன்னது நீங்கள், கரையும் உங்களுடையது. அவரைக் காட்டி நீங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அவரிடமிருந்து வாங்க வேண்டியவை ரசீது, நீங்கள் பேசிக்கொண்ட குறுஞ்செய்திகள், காப்பீடு வைத்திருந்தால் அதன் விவரம். செலவைப் பங்கு போடுவது உங்கள் இரண்டு பேருக்கும் இடையிலான வழக்கு. அதை அதிகாரியின் முன்னால் ஆரம்பிக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. உங்கள் மாமனாருக்குத் தண்ணீர் தெரிந்திருக்கலாம், மரத்தை மொட்டையடிக்காமலே. உச்சியை விட்டுவிட்டு, நடுவில் சில பக்கக் கிளைகளை மட்டும் எடுத்து 'ஜன்னல்' திறப்பது என்று எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குத் தண்ணீர் தெரியும், மேலே தழை அப்படியே இருக்கும். சிவப்பு மாங்குரோவுக்கு உச்சி போவதை விட இது எவ்வளவோ மேல். வழக்கு முடிந்து மரங்கள் தேறியபின், தகுதியுள்ளவரை வைத்து இதைச் செய்துகொள்ளலாம். அதுவரை, செத்தது போலத் தெரியும் கம்புகளைக்கூடத் தொடாதீர்கள். வேர்கள் கொஞ்ச காலம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும், புது நாற்றுக்கு அலைத்தடுப்பாகவும் நிற்கும். சீக்கிரம் காயட்டும் என்று யாராவது மருந்தடிக்க யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். மாங்குரோவின் இலையை உதிர்க்கக் களைக்கொல்லியோ வேறு ரசாயனமோ பயன்படுத்துவதைச் சட்டமே தனியாகச் சொல்லித் தடுக்கிறது. 2017-ல் இர்மா புயல் வந்தபோது மாங்குரோவ் காடுகள் ஃபுளோரிடாவில் சுமார் 150 கோடி டாலர் வெள்ளச் சேதத்தைத் தவிர்த்தன என்று ஒரு கணக்கு உண்டு. உங்கள் 80 அடிக்கு அதில் எவ்வளவு பங்கு என்று யாரும் கணக்கிட முடியாது. ஆனால் இந்தப் புயல் பருவத்தில் உங்கள் கரை முன்பைவிட மெலிந்துதான் இருக்கும். புல்தரை ஓரம் அரிக்கிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்தப் பார்வையிடும் நாள். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு இன்றைக்கே கூப்பிட்டு, வெட்டு நின்றுவிட்டது, ஒத்துழைக்கிறோம் என்று சொல்லுங்கள். கையோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். முடிந்தால் தண்ணீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லிக் கேளுங்கள், சேறு தெரிந்தால்தான் சரியாக அளக்க முடியும். அதற்கு முந்தின நாள் நீங்களே ஒரு நோட்டில் மரத்துக்கு ஒரு வரி எழுதி வையுங்கள்: இனம், சேற்றிலிருந்து உயரம், இலை இருக்கிறதா, வெட்டு எவ்வளவு கனம். அதிகாரியின் எண்ணோடு உங்கள் எண் ஒத்துப்போகாத இடத்தில் வாதாட வேண்டாம், "இந்த ஒன்றை மறுபடி அளந்து பார்க்கலாமா" என்று கேட்டால் போதும். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். உங்கள் வீட்டுக்காரரையே இறக்கிவிடுங்கள். கனமான அடியுள்ள பழைய ஷூ போட்டுக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள்; அந்த வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி, காலைப் பிளேடு மாதிரி கிழித்துவிடும்.